விழாத கோலுக்கு யார் கணக்கு வைப்பது?

கிரிக்கெட்டில் சிறந்த ஆல்ரவுண்டர் யார் என்ற சண்டைக்கு ஒரு குறுக்குவழி உண்டு. டெஸ்ட் பேட்டிங் சராசரியிலிருந்து பந்துவீச்சுச் சராசரியைக் கழித்துப் பார்ப்பது. கார்ஃபீல்ட் சோபர்ஸுக்கு 57.78-லிருந்து 34.03 போனால் 23.75. ஜாக் காலிஸுக்கு 55.37-லிருந்து 32.65 போனால் 22.72. இரண்டு பேருக்கும் நடுவே ஒரே ஒரு ரன். ஃபீல்டிங் இந்தக் கணக்கில் வராது, எதிரணி யார் என்பதும் வராது. இருந்தாலும் வாதாட ஒரு களமாவது கிடைக்கிறது. காரணம், கிரிக்கெட்டில் ஒருவர் மட்டை பிடிக்கும் நேரம் வேறு, பந்து போடும் நேரம் வேறு. இரண்டுக்கும் தனித்தனி வரவு-செலவு எழுதலாம்.

ஐஸ் ஹாக்கியில் அந்த வசதி கிடையாது. 61 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம் உள்ள பனித்தளம். சுற்றிலும் சுவர். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்: மூன்று ஃபார்வர்ட், இரண்டு டிஃபன்ஸ், ஒரு கோல்கீப்பர். பந்துக்குப் பதிலாகப் ‘பக்’ என்கிற கறுப்பு ரப்பர் வட்டு. எடை சுமார் 165 கிராம். துள்ளக் கூடாது என்பதற்காக ஆட்டத்துக்கு முன் உறைய வைத்து எடுத்து வருவார்கள். நல்ல அடி விழுந்தால் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும். ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆள் மாறலாம். ஒருவர் ஒரு தடவை இறங்கினால் முக்கால் நிமிடம்தான் நிற்பார், அதற்குள் மூச்சு வாங்கிவிடும். இந்த முக்கால் நிமிடத்தில் பக் நான்கு முறை கைமாறினால், அதே ஆள் நான்கு முறை தாக்குபவராகவும் தடுப்பவராகவும் மாறியாக வேண்டும். எது தாக்குதல், எது தடுப்பு என்று கோடு கிழிப்பதே கஷ்டம்.

அப்படியிருக்க, எல்லாத் துறையிலும் சிறந்த ஹாக்கி வீரர் யார் என்ற கேள்வி கனடாவில் ஓயாமல் எழுந்துகொண்டே இருக்கிறது. எழும்போதெல்லாம் நான்கு பெயர்கள் வரும்: கோர்டி ஹவ், பாபி ஓர், வேய்ன் கிரெட்ஸ்கி, மரியோ லெமியூ. பெரும்பாலும் பேச்சு கிரெட்ஸ்கியின் எண்களில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். அந்த எண்கள் அப்படிப்பட்டவை. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் 1,487 ஆட்டம், 894 கோல், 1,963 அசிஸ்ட் (அடுத்தவர் கோல் அடிக்க வழி செய்த பாஸ்). கோலுக்கு ஒரு புள்ளி, அசிஸ்டுக்கு ஒரு புள்ளி என்று கூட்டினால் 2,857. கோலையெல்லாம் அழித்துவிட்டு வெறும் அசிஸ்டை மட்டும் வைத்தாலும், லீக் வரலாற்றில் வேறு எவருடைய மொத்தப் புள்ளியையும் அது மிஞ்சும். 894 கோல் என்ற சாதனையை 2025 ஏப்ரலில் அலெக்சாண்டர் ஒவெச்கின் தாண்டிவிட்டார். அசிஸ்ட் பக்கம் யாரும் நெருங்கக்கூட இல்லை.

ஆனால் எண்ணுக்கும் ஒரு காலம் உண்டு. கிரெட்ஸ்கி 92 கோல் போட்டது 1981-82 சீசனில். அந்த ஆண்டு ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து சராசரியாக 8 கோல் போட்டன. ஹவ் 49 கோல் போட்டது 1952-53 சீசனில். அப்போது சராசரி சுமார் 4.8 தான். கணக்கைப் போட்டே பார்ப்போம். ஹவ் 70 ஆட்டத்தில் 49, அதாவது ஆட்டத்துக்கு 0.7 கோல். 8-ஐ 4.8-ஆல் வகுத்தால் 1.67. இரண்டையும் பெருக்கினால் ஆட்டத்துக்கு 1.17. கிரெட்ஸ்கி காலத்து 80 ஆட்டச் சீசனுக்கு அது 93 கோல். எட்டவே முடியாத உயரம் என்று நினைத்த 92-க்குப் பக்கத்தில், 29 ஆண்டுகளுக்கு முன்னாலேயே ஒருவர் நின்றிருக்கிறார்.

புள்ளியில் இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் கதை கொஞ்சம் மாறும். கிரெட்ஸ்கி 1981-82-இல் எடுத்த 212 புள்ளியை 1952-53-க்குச் சுருக்கினால் சுமார் 111 வருகிறது. ஹவ் எடுத்தது 95. கோல் அடிப்பதில் சமம், கோல் அடிக்க வைப்பதில் கிரெட்ஸ்கி ஒரு படி மேலே.

கிரெட்ஸ்கி காலத்தில் கோல் ஏன் அதிகம், பிறகு ஏன் குறைந்தது என்று கேட்டால் பதில் பெரும்பாலும் கோல்கீப்பரிடம் இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் வந்த ஷாட்டில் நூற்றுக்கு 87, 88-ஐக் கோல்கீப்பர்கள் தடுத்தார்கள். 2010-களில் அது 91-க்கு மேலே போய்விட்டது. வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் 30 ஷாட் அடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், முன்பு நான்கு கோலுக்குச் சற்றுக் குறைவு, இப்போது இரண்டரை. முழங்காலை மடக்கி, கால்களை இரு பக்கமும் விரித்து வலையின் கீழ்ப்பகுதியை மூடிவிடும் ‘பட்டர்ஃபிளை’ முறையும், எடை குறைந்து அகலம் கூடிய கால் கவசங்களும் சேர்ந்து செய்த வேலை இது. கிரெட்ஸ்கி எதிர்கொண்ட கோல்கீப்பர்களில் பலர் நின்றபடியே ஆடியவர்கள்.

மேலே போட்ட பெருக்கல் கணக்கையும் முழுதாக நம்ப முடியாது. ஹவ் உச்சத்தில் இருந்தபோது லீக்கில் ஆறே அணிகள். மொத்தம் சுமார் 120 பேருக்குத்தான் இடம். ஒரே எதிரணியோடு சீசனுக்கு 14 முறை மோத வேண்டும். உங்கள் பலவீனம் என்ன என்று எதிராளிக்கு மனப்பாடமாகத் தெரியும். கிரெட்ஸ்கி காலத்தில் 21 அணிகள். நல்லவரும் சுமாரானவரும் கலந்து ஆடும் லீக்கில் உச்சத்தில் இருப்பவருக்கு அறுவடை அதிகம். இதற்கு நேரெதிரான வாதமும் உண்டு: 1950-களில் கிட்டத்தட்ட எல்லோரும் கனடாக்காரர்கள்; பிறகு ஸ்வீடன், பின்லாந்து, செக், கடைசியில் ரஷ்யா என்று ஆள் எடுக்கும் குளமே பெரிதாகிவிட்டது. ஆகவே, அன்றன்றைய போட்டியாளர்களை எவ்வளவு தூரம் பின்னால் விட்டார் என்று பார்ப்பதே நியாயமான அளவு. 1952-53-இல் ஹவ்வுக்கு அடுத்து வந்தவர் 71 புள்ளி. இடைவெளி மூன்றில் ஒரு பங்கு. 1985-86-இல் கிரெட்ஸ்கி 215, அடுத்தவர் 141, பாதிக்கு மேல்.

தாக்குதலில் கிரெட்ஸ்கியை வெல்ல ஆளில்லை என்பதை இத்தோடு ஒத்துக்கொண்டுவிடலாம். அவருடைய பலம் உடம்பில் இல்லை. ஹாக்கி வீரர்களில் மெலிந்தவர், வேகமும் அசுரத்தனமானது அல்ல. 1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் செஸ் வீரர்களுக்கு ஐந்து நொடி மட்டும் பலகையைக் காட்டி, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். உண்மையான ஆட்டத்தில் வந்த நிலையாக இருந்தால் தேர்ந்த வீரர் கிட்டத்தட்ட முழுவதையும் அடுக்கிவிடுவார், கத்துக்குட்டியால் முடியாது. காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டியபோது இருவருக்கும் நடுவே அந்த வித்தியாசமே இல்லாமல் போய்விட்டது. நிபுணருக்கு நினைவாற்றல் அதிகம் என்பதல்ல காரணம். அவர் காய்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை; பழகிய கூட்டங்களாகப் பார்க்கிறார். கிரெட்ஸ்கி எதிரணி வலைக்குப் பின்னால் பக்கை வைத்துக்கொண்டு நின்று, முன்னால் இருக்கும் ஒன்பது பேர் அடுத்த நொடி எங்கே இருப்பார்கள் என்று படித்தது இந்த வகைத் திறமை. சிறுவனாக இருந்தபோது டிவி ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே பக் போகும் பாதையைத் தாளில் கோடு கோடாக இழுப்பாராம். கோடுகள் எங்கே அதிகம் குறுக்கிடுகின்றனவோ அங்கே போய் நிற்க வேண்டும் என்பது அவர் அப்பா சொல்லிக்கொடுத்த பாடம்.

ஆனால் கேள்வி அதுவல்லவே. சுவரோரம் மோதிப் பக்கைப் பறிப்பதும், எதிரணி ஃபார்வர்டைத் தோளால் தள்ளி வைப்பதும் கிரெட்ஸ்கியின் வேலையாக இருந்ததே இல்லை. அவர் மேல் யாராவது கை வைத்தால் கேட்பதற்கென்றே அவர் ஆடிய எட்மன்டன் அணியில் முரட்டு ஆள் இருந்தார். 1988-இல் லாஸ் ஏஞ்சலஸ் அணிக்கு அவர் மாற்றப்பட்டபோது மார்ட்டி மெக்சார்லி என்ற காவலரும் கூடவே போனார். பெனால்டியால் தன் அணியில் ஆள் குறைந்த நேரத்திலும் 73 கோல் அடித்திருக்கிறாரே, தடுப்பாட்டம் தெரியாமலா என்று அவருடைய ரசிகர்கள் கேட்பார்கள். எதிராளியின் பாஸை இடையில் மறித்துக்கொண்டு ஓடியதால் வந்த கோல்கள் அவை. அதுவும் தடுப்புதான், ஒரு வகையில். ஆனால் ஒரு வகையில் மட்டும்.

மிகச் சிறந்தவர் யார் என்பது ஒரு கேள்வி. எந்த வேலையைக் கொடுத்தாலும் செய்யக்கூடியவர் யார் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இந்த விவாதம் முடிவதே இல்லை. இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடினால் ஒரு விசித்திரமான சிக்கல் வருகிறது. விழுந்த கோலை யார் வேண்டுமானாலும் எண்ணலாம். ஒருவர் சரியான இடத்தில் நின்றதால் விழாமல் போன கோலை எந்தப் புத்தகத்தில் எழுதுவது?

அதற்கு ஹாக்கி கண்டுபிடித்த முதல் கருவி பிளஸ்-மைனஸ். இரு பக்கமும் சம ஆட்கள் இருக்கும்போது உங்கள் அணி கோல் போட்டால், அந்த நொடியில் களத்தில் இருந்த உங்கள் அணியினர் எல்லோருக்கும் ஒரு பிளஸ். கோல் வாங்கினால் எல்லோருக்கும் ஒரு மைனஸ். யார் அடித்தார், யார் வேடிக்கை பார்த்தார் என்ற பேதமில்லை. சீசன் முடிவில் கூட்டிக் கழித்தால் ஓர் எண். 20 வந்தால் நல்ல ஆட்டக்காரர், 40 வந்தால் அபூர்வம்.

1970-71 சீசனில் பாஸ்டன் புருயின்ஸ் அணியின் பாபி ஓர் எடுத்தது 124. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இந்த எண்ணைக் கொஞ்சம் குடைந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் இதை வைத்து ஏமாறுவது சுலபம். அந்த ஆண்டு புருயின்ஸ் 78 ஆட்டத்தில் 399 கோல் போட்டு 207 கோல் வாங்கிய அசுர அணி. அப்படிப்பட்ட அணியில் சும்மா நின்றாலே பிளஸ் குவியும். ஓருடன் ஜோடியாக டிஃபன்ஸ் ஆடிய டல்லாஸ் ஸ்மித்துக்கும் அதே ஆண்டு 90-க்கு மேல். ஸ்மித் நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் அவரை வரலாற்றின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று அவருடைய சொந்தக்காரர்கள்கூடச் சொல்ல மாட்டார்கள். ஓருடைய நிழலில் நின்றதால் வந்த எண் அது. மாறாக, அதே சீசனில் 76 கோல், 152 புள்ளி என்று லீக்கின் சாதனைகளையே உடைத்த ஃபில் எஸ்பொசிட்டோவுக்கு வந்தது எழுபதைச் சுற்றித்தான். ஒரே அணி, ஒரே கோல்கீப்பர்கள். ஓரை விட அதிகப் புள்ளி எடுத்தவர், பிளஸ்-மைனஸில் ஐம்பது பின்னால். புள்ளிப் பட்டியலில் எஸ்பொசிட்டோ முதலிடம், ஓர் 139-உடன் இரண்டாமிடம். விழாத கோல் எங்கோ இருக்கிறது என்றால், இந்த ஐம்பதுக்குள்தான் அதன் பெரும்பகுதி ஒளிந்திருக்கிறது.

இன்றைய புள்ளியியலாளர்கள் இதை இன்னும் நேர்த்தியாகப் பிரிப்பார்கள். ஆள் மாறும் ஒவ்வொரு முக்கால் நிமிடமும் ஒரு சமன்பாடு. களத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு தெரியாத எண். சீசன் முழுக்கச் சேரும் லட்சக்கணக்கான சமன்பாடுகளை ஒருசேரத் தீர்த்தால், கூட ஆடியவர் யார், எதிரே ஆடியவர் யார் என்பதைக் கழித்துவிட்டு ஒருவருடைய தனிப் பங்கை மதிப்பிடலாம். ஓர்-ஸ்மித் போல எப்போதும் சேர்ந்தே ஆடும் ஜோடியைப் பிரிப்பதுதான் இதில் தலைவலி. ஒருவர் இல்லாமல் மற்றவர் ஆடிய நேரம் போதாது என்றால் எந்தச் சமன்பாடும் உதவாது. கோல்களுக்குப் பதில், தவறிப்போனவை உட்பட அடிக்கப்பட்ட எல்லா ஷாட்டையும் எண்ணும் ‘கோர்சி’ முறையும் வந்தது. ஜிம் கோர்சி என்ற கோல்கீப்பிங் பயிற்சியாளரின் பெயர். ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் மூன்று கோல்தான் விழும், அதில் அதிர்ஷ்டம் விளையாடிவிடும். முயற்சிகள் அதைவிடப் பல மடங்கு என்பதால் அதிர்ஷ்டம் கரைந்து திறமை மிஞ்சும். எல்லாம் சரி. ஆனால் யார் எத்தனை நிமிடம் களத்தில் இருந்தார் என்பதையே லீக் 1997-98 முதல்தான் முறையாகப் பதிவு செய்கிறது. ஓருக்கு அது கிடையாது. ஹவ்வுக்கோ, முதல் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிளஸ்-மைனஸ்கூடக் கிடையாது.

வேறு வழி, இயற்கையே நடத்திய சோதனைகளைப் பார்ப்பது. ஒருவர் இல்லாதபோது அணி என்ன ஆயிற்று? இதில் ஓர் ரசிகர்களுக்குப் பிடிக்காத ஒரு தகவல் இருக்கிறது. 1975-76-இல் முழங்கால் கோளாறால் ஓர் பத்தே ஆட்டம் ஆடினார். அணி சரிந்திருக்க வேண்டும். சரியவில்லை, முந்தைய ஆண்டு லீக் அட்டவணையில் 94 புள்ளி எடுத்த புருயின்ஸ் 113 எடுத்துத் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. அப்படியானால் ஓர் ஒரு பலூனா? அவசரப்பட வேண்டாம். அந்த நவம்பரில் எஸ்பொசிட்டோவைக் கொடுத்துவிட்டு பிராட் பார்க், ஜீன் ராட்டெல் இருவரையும் புருயின்ஸ் வாங்கியிருந்தது. ஓருக்கு அடுத்தபடி அந்தக் காலத்தின் சிறந்த டிஃபன்ஸ்காரர் பார்க். சோதனைக்கூடத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைக்கலாம், லீக்கில் முடியாது. என்னைப் பொறுத்தவரை இந்தத் தகவல் ஓரைக் கவிழ்க்கவில்லை. 124 என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று மட்டும் காட்டுகிறது.

ஓர் செய்தது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பதை எண்ணை விட்டுவிட்டுப் பனியிடம்தான் கேட்க வேண்டும்.

பனி ஏன் வழுக்குகிறது என்பது பள்ளிப் பாடம் போலத் தோன்றும். கத்தியின் அழுத்தத்தில் பனி உருகி நீராகிறது என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். கணக்குப் போட்டால் அது நிற்காது: உருகுநிலையை ஒரு டிகிரி இறக்க சுமார் 135 வளிமண்டல அழுத்தம் வேண்டும்; மைனஸ் ஐந்து, ஆறு டிகிரியில் இருக்கும் தளத்தை ஒரு மனிதரின் எடையால் அப்படி உருக்க முடியாது. பனியின் மேல்தோல் இயல்பாகவே நீர்த்தன்மையோடு இருக்கிறது என்று 1850-லேயே மைக்கேல் ஃபாரடே ஊகித்தார். 2018-இல் ஆம்ஸ்டர்டாமிலும் மைன்ஸிலும் இருந்த ஆய்வாளர்கள், மேல்பரப்பில் இருக்கும் நீர் மூலக்கூறுகள் உள்ளே இருப்பவற்றைப் போல நான்கு பக்கமும் கட்டுண்டு இல்லாமல் உருண்டு புரளுவதால்தான் உராய்வு குறைகிறது என்று காட்டினார்கள். மைனஸ் 7 டிகிரியில் உராய்வு மிகக் குறைவு. அதற்கு மேல் போனால் பனி மென்மையாகிக் கத்தி பதிந்து உழும், கீழே போனால் மூலக்கூறுகள் அசையாது. ஹாக்கி தளங்களின் வெப்பநிலை இந்த இடத்தைச் சுற்றியே இருப்பது, தளம் பராமரிப்பவர்கள் அனுபவத்தில் கண்டுபிடித்தது.

இவ்வளவு குறைந்த உராய்வில் முன்னால் போவது எளிது, திரும்புவதுதான் வித்தை. ஸ்கேட்டின் கத்தி சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன். அடிப்பாகத்தை நடுவில் பள்ளமாகச் சாணை பிடித்திருப்பார்கள். அதனால் ஒரு கத்திக்கு இரண்டு விளிம்பு. உடம்பைச் சாய்த்து ஒரு விளிம்பை மட்டும் பனியில் ஊன்றினால்தான் பிடிமானம். முழு வேகத்தில் போகும் ஒருவர் நின்று திரும்ப வேண்டுமானால், அந்த வேகம் முழுவதையும் அந்த மெல்லிய விளிம்பு வழியாகத் தன் முழங்காலில் வாங்கிக்கொண்டு, பிறகு மறுபடியும் பூஜ்யத்திலிருந்து கிளப்ப வேண்டும். பத்து நொடி முழு வேகத்துக்குத் தசையில் கையிருப்புச் சக்தி இருக்கிறது. அதன் பிறகு பிராணவாயு இல்லாமல் எரிக்கும் வழிதான். கால் கனக்கத் தொடங்கும்.

மற்ற டிஃபன்ஸ்காரர்கள் பின்னாலேயே நின்றுகொண்டது சோம்பேறித்தனத்தால் அல்ல என்று இப்போது புரியும். முன்னேறிப் போய்ப் பக்கைப் பறிகொடுத்தால், திரும்பி வர 40 மீட்டர். எதிராளிக்கோ உங்கள் வலை திறந்து கிடக்கும். ஓர் போனார், திரும்பியும் வந்தார். போகும்போது கோல் அடிக்கும் வேகம், வரும்போது எதிராளியை எட்டிப் பிடிக்கும் வேகம். அதனால் அணிக்கு ஒரே ஆளில் நான்காவது தாக்குபவரும் குறையாத தடுப்பவரும் கிடைத்தார்கள். பெனால்டியால் ஆள் குறைந்த இரண்டு நிமிடத்தில் மற்றவர்கள் பக்கை அடித்துத் தூர எறிவார்கள். அவரோ அதைத் தன் குச்சியிலேயே வைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து நேரத்தைத் தின்பார். சிறந்த டிஃபன்ஸ்காரருக்கான நோரிஸ் கோப்பை தொடர்ந்து எட்டு முறை. லீக்கிலேயே அதிகப் புள்ளிக்கான ஆர்ட் ராஸ் கோப்பை இரண்டு முறை; வேறு எந்த டிஃபன்ஸ்காரருக்கும் அது ஒரு முறைகூடக் கிடைத்ததில்லை.

இனி ஹவ். இந்த விவாதத்தில் ஓரை உண்மையாகவே உலுக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். 1946 முதல் டெட்ராய்ட் ரெட் விங்ஸ். தொடர்ந்து 20 சீசன் லீக்கின் முதல் ஐந்து புள்ளிக்காரர்களில் ஒருவர். 1950 ப்ளே-ஆஃபில் சுவரில் மோதி மண்டையோட்டில் அறுவைச் சிகிச்சை. அடுத்த சீசனில் லீக்கிலேயே அதிகப் புள்ளி. 41 வயதைத் தொடும் சீசனில் 103 புள்ளி. முழங்கையைச் சுழற்றுவதில் அவருக்குப் பயப்படாத எதிராளி இல்லை. ஒரே ஆட்டத்தில் ஒரு கோல், ஒரு அசிஸ்ட், ஒரு சண்டை என்று மூன்றும் அமைந்தால் அதற்கு ‘கோர்டி ஹவ் ஹாட்ரிக்’ என்றே பெயர். வேடிக்கை என்னவென்றால் அவருக்கே அது இரண்டு முறைதான் அமைந்தது. சில சம்பவங்களுக்குப் பிறகு அவரோடு சண்டைக்கு வர ஆள் கிடைக்கவில்லை.

ஹவ்விடம் இருந்த ஒரு திறமை இன்றைக்கு யாரிடமும் இருக்க முடியாது. அவர் இரண்டு கையாலும் ஷாட் அடிப்பார். வலது பக்கம் இருந்து வரும்போது எதிராளி நெருங்கினால், குச்சியில் கைகளை இடம் மாற்றிப் பிடித்து, தன் உடம்பையே நடுவில் வேலியாக வைத்து, மறுபக்கத்திலிருந்து அடிப்பார். அந்தக் காலத்துக் குச்சியின் முனை நேராக இருந்ததால் இது முடிந்தது. 1960-களில் ஸ்டான் மிகிதா, பாபி ஹல் போன்றவர்கள் முனையை வளைத்தார்கள். வளைந்த முனை பக்கை வேகமாகவும் கணிக்க முடியாதபடியும் எறிந்தது, எல்லோரும் மாறினார்கள். ஒரு பக்கம் வளைந்த குச்சியைத் திருப்பிப் பிடித்தால் பிரயோஜனமில்லை. கருவி கூர்மையானது, இரு கைப் பழக்கம் செத்துப்போனது. காலம் தாண்டி ஒப்பிடும்போது இந்த மாதிரி விஷயங்கள் எந்தப் பெருக்கல் கணக்கிலும் சிக்காது.

லெமியூவை நான் சுருக்கமாகக் கடந்துவிடப் போகிறேன். 915 ஆட்டத்தில் 1,723 புள்ளி. 1988 டிசம்பர் 31-இல் ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல், ஐந்தும் ஐந்து வகை. 1993-இல் புற்றுநோய்க்கான கடைசிக் கதிர்வீச்சு முடிந்த அன்றைக்கே களமிறங்கிக் கோல் அடித்தவர். கைத்திறனில் கிரெட்ஸ்கியை விடவும் மேல் என்று சொல்பவர்கள் உண்டு. தன் வலைப்பக்கம் திரும்பி ஓடுவதில் அவருக்குப் பெரிய ஆர்வம் இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

இந்த நால்வர் வெளிச்சத்தில் மறைந்துபோன சிலர்தான் கேள்வியின் நேரடி அர்த்தத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள். ரெட் கெல்லி 1954-இல் முதல் நோரிஸ் கோப்பையை வாங்கிய டிஃபன்ஸ்காரர். பிறகு டொரொன்டோ போய் சென்டர் ஃபார்வர்டாக மாறி, இரண்டு இடத்திலும் சேர்த்து லீக்கின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை எட்டு முறை வென்றார். நடுவில் மூன்று ஆண்டு கனடா நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். டொரொன்டோவின் ஸ்கார்பரோவில் சொந்தக்காரர் இருக்கும் வாசகர்களுக்கு 1967-க்குப் பிறகு அந்த ஊரின் மேப்பிள் லீஃப்ஸ் அணி கோப்பையைத் தொட்டதில்லை என்ற புலம்பல் பழகியிருக்கும். அந்தக் கடைசிக் கோப்பையில் கெல்லியும் இருந்தார். செர்கெய் ஃபெதரொவ் 1993-94-இல் மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பையையும், தடுப்பாட்டத்தில் சிறந்த ஃபார்வர்டுக்கான செல்கி கோப்பையையும் ஒரே ஆண்டில் வாங்கினார். பின்னர் பயிற்சியாளர் ஸ்காட்டி போமன் அவரை டிஃபன்ஸில் நிறுத்தியபோது அங்கேயும் ஆடினார். ஹெய்லி விக்கன்ஹைசர் நான்கு ஒலிம்பிக் தங்கம், பின்லாந்தில் ஆண்கள் தொழில்முறை லீக்கில் கோல், சிட்னி ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால், இப்போது மருத்துவர். பட்டியலில் பெண்கள் பெயர் வராததற்குக் காரணம் திறமை அல்ல, பட்டியல் போடுபவர்கள் ஒரே லீக்கின் புத்தகத்தை மட்டும் புரட்டுவது.

ஒரு சின்னக் கிளைக்கதை. ஹவ் பிறந்தது மார்ச் 31, ஓர் மார்ச் 20, கிரெட்ஸ்கி ஜனவரி 26. மூவரும் ஆண்டின் முதல் காலாண்டு. கனடாவில் சிறுவர்களை ஜனவரி 1-ஐ எல்லையாக வைத்து வயதுவாரியாகப் பிரிப்பதால், ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனை விடக் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவனாக அதே குழுவில் ஆடுகிறான். உயரமாக இருக்கிறான், தேர்வாகிறான், நல்ல பயிற்சி பெறுகிறான். ரோஜர் பார்ன்ஸ்லியும் சகாக்களும் 1985-இல் இதை ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களிலிருந்து காட்டினார்கள். மூன்று பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அக்டோபரில் பிறந்த லெமியூ இருக்கிறார். பின்னாளைய ஆய்வுகளில் ஆண்டுக் கடைசியில் பிறந்து, எல்லாத் தடையையும் தாண்டி லீக்குக்கு வந்தவர்கள் எதிர்பார்த்ததை விட நன்றாக ஆடினார்கள் என்றும் தெரிந்தது. அப்படியென்றால் வடிகட்டியில் போய்விட்ட நவம்பர், டிசம்பர்ப் பையன்களில் எத்தனை பேர் இந்த விவாதத்துக்கு வந்திருக்க வேண்டியவர்கள்?

தீர்ப்புக்கு வருவோம். திறமைகளைக் கூட்டினால் கிரெட்ஸ்கி வெல்வார். ஒன்றில் மலை போல இருந்தால் மற்றதன் பள்ளத்தை அது மூடிவிடும். பெருக்கினால் கதை வேறு. எங்காவது ஓர் எண் சிறியதாக இருந்தால் மொத்தமும் சரியும். எல்லாத் துறையிலும் என்ற சொல்லுக்கு நேர்மையான கணிதம் பெருக்கல்தான் என்பது என் கட்சி. பெருக்கல் கணக்கில் ஹவ்வும் ஓரும் மிஞ்சுகிறார்கள். அந்த இருவரில், ஆட்டத்தின் இரு முனைகளையும் ஒரே சமயத்தில் ஆண்டவர் ஓர். ஹவ் தன் வேலையையும் அதற்கு மேலும் செய்தார். ஓர் இரண்டு பேருடைய வேலையைச் செய்தார். நான் ஓர் பக்கம்.

இதற்கு எதிரே ஒரு கனமான வாதம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஓர் ஆடியது 657 ஆட்டம், ஹவ் 1,767. நிலைத்து நிற்பது அதிர்ஷ்டமா, திறமையா? இடது முழங்காலை மீண்டும் மீண்டும் கிழித்துத் தைத்த அந்தக் காலத்து அறுவைச் சிகிச்சை ஓரின் துரதிர்ஷ்டம் என்று சொல்லலாம். ஆனால் திரும்பி ஓடி வரும் அந்த ஆட்டமே முழங்காலைத் தின்றது என்றும் சொல்லலாம். இரு முனையையும் ஆள்வதன் விலை அது என்றால், விலையையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். மோதலில் எப்போது வளைய வேண்டும், எப்போது இடிக்க வேண்டும் என்று ஹவ்வுக்குத் தெரிந்திருந்தது ஒரு திறமையாகவே எனக்குப் படுகிறது, ஆனால் அதை மற்றவற்றோடு பெருக்க எனக்கு எண் கிடைக்கவில்லை. இருவருக்கும் வயது வித்தியாசம் கிட்டத்தட்ட இருபது. 1978 நவம்பரில், சிகாகோவுக்காக அந்த சீசனில் ஆறே ஆட்டம் ஆடிவிட்டு, 30 வயதில் ஓர் ஓய்வு பெற்றார். அதே சீசனில் 50 வயது ஹவ் வேறொரு லீக்கில் இருந்த நியூ இங்கிலாந்து வேலர்ஸ் அணியில் தன் மகன்களோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தார். தேசிய ஹாக்கி லீக்குக்குத் திரும்பி 80 ஆட்டமும் ஆடி 15 கோல் போட்டது அதற்கும் அடுத்த சீசனில்.